காரைக்கால் கடலில் கண்ணாடிப் புழு

பிரின்சிபால் அறைக்கு டிரங்க் கால் வந்திருக்கிறது என்று பியூன் வந்து சொன்னபோது நான் லேபில் மாணவிகளுக்குத் தவளை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். தெரேஸ் பேசினாள். சென்னையில் படித்த காலத்தில் நாங்கள் ஒரே ஹாஸ்டல் அறை. அவள் வேதியியல், நான் விலங்கியல். படிப்பு முடிந்ததும் அவள் சொந்த ஊரான காரைக்காலில் டீச்சராகிவிட்டாள். நான் கல்யாணமாகிக் கோயம்புத்தூருக்கு வந்து ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்ந்தேன்.

“சரசு, பப்பா போயிட்டாருடி” என்றாள். அப்பாவை அவர்கள் வீட்டில் பப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். “பொறந்தநாள் விருந்துல மீன் சாப்பிட்டாரு. வாந்தி, பேதி. உடம்பு தாங்கல. கடல் பூரா கண்ணாடி மாதிரி புழு வந்திருக்கு. அதத் தின்ன மீனு, அதான் வெஷமாயிடுச்சுங்கறாங்க. நீ அந்தப் புழுவத்தானே படிச்ச? அது வெஷமா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

ஆமாம், அதைத்தான் படித்தேன். அது புழு இல்லை. சால்ப் என்று பெயர். விரல் நுனி அளவுக்கு ஒரு பீப்பாய், அதுவும் கண்ணாடிப் பீப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலில் மிதந்துகொண்டு, ஒரு வாயால் தண்ணீரை உள்ளே இழுத்து மறு வாயால் வெளியே தள்ளும். அந்த உந்தலில்தான் நீந்தும், அந்தத் தண்ணீரை வடிகட்டித்தான் சாப்பிடும். கொட்டுவதற்கு முள் கிடையாது. கடிப்பதற்குப் பல் கிடையாது. கல்யாணத்துக்கு முன் ஒரு கடற்கரை ஆய்வுக்கூடத்தில் இதோடு மட்டும்தான் எனக்குப் பேச்சுவார்த்தை. இத்தனை சாதுவான ஒன்று ஒரு மனிதரைக் கொன்றதாக யாரோ சொல்லியிருக்கிறார், அப்பாவைப் பறிகொடுத்த பெண்ணும் அதை நம்பி அழுதுகொண்டிருக்கிறாள். துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என்னைக் கிளப்பியது துக்கம் இல்லை, கோபம்.

மாயவரத்தில் ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்தேன். தரங்கம்பாடி தாண்டியதும் ஒரு பலகை வருகிறது, அதோடு நம் ராஜ்ஜியம் முடிந்து பிரெஞ்சுக்காரர் ஆண்ட ராஜ்ஜியம் ஆரம்பம். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. மதுவிலக்கு உள்ள எங்கள் ஊரில் வெற்றிலை பாக்குக் கடை இருக்கிற நெருக்கத்துக்கு இங்கே பிராந்திக் கடை. பலகை தாண்டியதுமே பஸ்ஸில் பாதிப் பேர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன்.

கோட்டுச்சேரியில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியும் பஞ்சர் என்று கண்டக்டர் ஏதோ நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னார். டீக்கடையில் உட்கார்ந்தோம். டீயில் உப்புக் கரித்தது. சிறுவாணித் தண்ணீருக்குப் பழகிவிட்ட நாக்கு எனக்கு, இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அப்போது தலையில் கூடையோடு மீன்காரப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். கடையில் நின்ற ஒருவர் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, “காரைக்கா மீனா? போம்மா, போம்மா, பொண்டாட்டி புள்ளங்க இருக்கு எனக்கு” என்றார்.

“எனக்கும்தான்யா புருஷன் புள்ள இருக்கு” என்றாள் அதில் ஒருத்தி. “காலைல அதுங்களுக்கு இதத்தான் ஆக்கிப் போட்டுட்டு வந்தேன்.”

அவர் காதில் வாங்கவில்லை. டவுனுக்குள் மீன் கொண்டுவரக் கூடாது என்று விரட்டிவிட்டதால் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். வெயிலில் கூடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்கள் திரும்பியும் நடந்துதான் போனார்கள். மீன் கூடையை எந்த பஸ்ஸும் ஏற்றாது.

தெரேஸின் வீடு காரைக்கால் தருமபுரத்தில். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஊரில் அவர்களை ‘சொல்தா’ என்பார்கள். லூர்து சொல்தா என்றால் தெரியாதவர் இல்லை. படித்த காலத்தில் ஒரு முறை லீவுக்கு அங்கே போயிருக்கிறேன். பகல் சாப்பாட்டுக்குப் பொத்தான் போட்ட சட்டை அணிந்துதான் உட்காருவார். தட்டில் மீனின் முள் எலும்புக்கூடு குலையாமல் அப்படியே மிஞ்சும்.

அவர் உட்காரும் நாற்காலியில் இப்போது தெரேஸின் அண்ணன் அந்துவான் உட்கார்ந்திருந்தார். பிரான்சில் வேலை. அப்பாவின் பிறந்தநாளைப் பெரிதாகக் கொண்டாட வேண்டும் என்று வந்து, அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

“மீன்காரி மேல கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கேன்” என்றார். “இந்த ஊர்ல இதெல்லாம் யாரும் கேக்கறதில்ல. அங்கெல்லாம் ஒரு மீன் கெட்டுப்போனா கடையையே சீல் வச்சிடுவான்.”

“மீன் கெட்டிருந்ததாங்க?”

“கெடல. வெஷம். ஹெல்த் ஆபீசரே எழுதிக் குடுத்திருக்காரு.”

ராத்திரிச் சாப்பாடு பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. கத்திரிக்காய், மறுபடி கத்திரிக்காய். கடலைப் பார்த்து வாழ்கிற ஊர் முழுக்கக் கத்திரிக்காய் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் தெரேஸ் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மைக்ராஸ்கோப்பை இரவல் வாங்கி வந்தாள். இருவரும் கிளிஞ்சல்மேட்டுக் குப்பத்துக்குப் போனோம். வாடகை சைக்கிள் ரிக்‌ஷா மணலில் புதைந்து, கடைசித் தூரம் மைக்ராஸ்கோப்பைக் குழந்தையைப்போல் மாற்றி மாற்றித் தூக்கி நடந்தோம்.

கரையில் கொட்டியிருந்த வலைகளைப் பார்த்ததும் பக்கத்தில் போய்க் குனிந்தேன். வலை நிறையக் கண்ணாடி. ஜவ்வரிசிக் கஞ்சியைக் கொட்டியதுபோலக் குவியல். ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு பழுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியைக் கண் என்று நினைத்து, அது நம்மை முறைக்கிறது என்று ஊரில் பயந்திருக்கிறார்கள். அது கண் இல்லை, குடல். உடம்பு முழுக்கத் தெளிவாக இருப்பதால் தின்றது மட்டும் தெரிகிறது.

சங்கிலி சங்கிலியாக ஒட்டிக்கொண்டவையும் இருந்தன, தனியாகத் திரிபவையும் இருந்தன. இரண்டும் ஒரே ஜாதிதான். தனியாக இருப்பது தன் உடம்பிலிருந்து ஒரு சங்கிலியையே முளைக்கவிட்டு வெளியே அனுப்பும். அந்தச் சங்கிலியில் கோத்த ஒவ்வொன்றும் ஒரே ஒரு குட்டியை உள்ளே சுமந்து, தன் ரத்தத்தில் ஊட்டி வளர்த்துப் பெறும். அந்தக் குட்டி தனியாகத் திரியும், மறுபடி சங்கிலி விடும். பிள்ளை தாயைப்போல இருக்காது. பேரப்பிள்ளைதான் அதே சாயலில் வரும். தண்ணீரில் பாசி பெருகிவிட்டால் இவையும் மளமளவென்று பெருகிக் கடலை நிறைத்துவிடும். பாசி தீர்ந்தால் வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.

எனக்குள்ளும் ஒரு கேள்வி இருந்தது. தண்ணீரில் இருப்பதையெல்லாம் வடிகட்டுகிற பிராணி இது. விஷப்பாசி ஏதாவது பெருகியிருந்தால் அதையும் தின்றிருக்குமே? ஒரு படகின் விளிம்பில் மைக்ராஸ்கோப்பை வைத்து, குடலைக் கீறிக் கீறிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிபோல ஓடு போட்ட சாதாரணப் பாசிகள்தான், எங்கே பார்த்தாலும் இருப்பவை. கரையில் ஒரு மீன் செத்து ஒதுங்கவில்லை. வலையிலிருந்து உதிர்ந்த சால்ப்களைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது, நண்டு இழுத்துக்கொண்டு போனது.

கூட்டம் கூடிவிட்டது. கண்ணாடி டம்ளரில் கடல் தண்ணீர் எடுத்து உயிரோடிருந்த சிலவற்றை விட்டு, அடுப்புக்கரியை மாவாக நசுக்கி ஒரு சிட்டிகை கலக்கினேன். கரித்தூள் ஒரு வாயில் போனது. உள்ளே சளியால் நெய்த ஒரு வலை, கண்ணுக்கே தெரியாதது, கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தது. அந்த வலையை அது ஓயாமல் கயிறு திரிப்பதுபோல் திரித்து விழுங்குகிறது. கறுப்புக் கயிறு நகர்ந்து நகர்ந்து போய்ப் பழுப்புப் புள்ளியில் சேர்ந்தது.

“இது நம்மள மாதிரி வல போட்டுத்தான் சாப்பிடுதா!” என்றாள் ஒரு பெண். சிரிப்பு எழுந்தது. பல நாளுக்குப் பிறகு சிரித்திருப்பார்கள் போலிருந்தது.

அதன் இதயத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ரத்தத்தை ஒரு பக்கம் தள்ளும். பிறகு நின்று யோசித்து மறுபக்கம் தள்ள ஆரம்பிக்கும். தொட்டால் எரியும் சொறி என்கிற ஜெல்லி மீனுக்கு அல்ல, இது நமக்குத்தான் நெருங்கின சொந்தம் என்றேன். அதை யாரும் நம்பவில்லை.

“வெஷம் இல்லைல்லம்மா?” என்றார் ஒரு படகுக்காரர்.

“இல்லீங்க.”

“அத ஆபீசருகிட்டச் சொல்லுங்க. எங்களுக்குத் தெரியும். விருந்துக்குப் போன அதே பாடு மீனத்தான், ஒரே வலையில வந்தத, இந்தக் குப்பம் பூரா தின்னுச்சு. ஒருத்தனுக்கு வயித்து வலி உண்டா, கேளுங்க.”

அவர் சொன்னதைக் கேட்டுத் தெரேஸ் என் முகத்தைப் பார்த்தாள். அப்படியானால் பப்பா எதனால் இறந்தார் என்று அவள் கண் கேட்டது. சால்ப்கள் இருந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மீன் விற்ற அஞ்சலையைப் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் பார்த்தோம். கைது என்றும் சொல்லவில்லை, விட்டுவிடவும் இல்லை. தினமும் காலையில் வர வேண்டும், பொழுது சாயும்வரை தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். கூடையையும் தராசையும் பிடுங்கி உள்ளே வைத்திருந்தார்கள். வாட்டசாட்டமான பெண். தெரேஸைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

“நீங்க யாரு, இன்னொரு ஆபீசரா?” என்றாள் என்னிடம்.

“இல்லீங்க. கோயம்புத்தூருங்க. இந்தப் புழுவப் பத்திப் படிச்சவ.”

“படிச்சவங்கதான் என்ன இங்க ஒக்கார வச்சிருக்காங்க” என்றாள்.

அங்கிருந்து நேரே சுகாதாரம் பார்க்கும் அந்த அதிகாரியிடம் போனேன். நல்ல பெரிய மேஜை. கடலில் வந்திருப்பது என்ன என்று கேட்டேன். “ஒரு வகை விஷ ஜெல்லி மீன்” என்றார். பார்த்தீர்களா என்று கேட்டேன். ரிப்போர்ட் வந்தது என்றார். கையிலிருந்த டம்ளரை அவர் மேஜையில் வைத்தேன். நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“சார், இது ஜெல்லி மீன் இல்லைங்க. இதுக்குக் கொடுக்கே கிடையாது.”

“மேடம், நீங்க காலேஜ்ல படிச்சது வேற, ஃபீல்டு வேற.”

காலையில்தான் முழங்கால் மணலோடு ஃபீல்டிலிருந்து வந்திருக்கிறேன். அவர் செருப்பில் ஒரு மணல் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன செய்கிறேன் என்றே யோசிக்கவில்லை. டம்ளரில் கைவிட்டு ஒரு சால்ப்பை எடுத்து வாயில் போட்டு விழுங்கினேன். ருசி ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீருக்குத் தோல் போட்டதுபோல இருந்தது. தெரேஸ் “ஐயோ” என்றாள். அதிகாரி பியூனைக் கூப்பிட்டு, “மேடத்துக்குத் தண்ணி குடு” என்றார். பிறகு ஒரு ஃபைலை எடுத்துப் பிரித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

வாசலுக்கு வந்ததும் தெரேஸ் கையைப் பிடித்துக்கொண்டாள். “உனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“ஒண்ணும் ஆகாது. சரி, அன்னைக்கு யார் யாருக்கு உடம்புக்கு முடியாமப் போச்சு? இவரு யாரையாவது வந்து கேட்டாரா?”

“எங்க வீட்டுக்கே வரலடி.”

அடுத்த நாள் நாங்கள் போனோம். விருந்துக்கு வந்த வீடுகளில் ஏறி இறங்கினோம். துக்க வீட்டுப் பெண் வருகிறாள் என்று எல்லோரும் காப்பி கொடுத்தார்கள். உப்புக் காப்பியாகக் குடித்துக் குடித்து என் நாக்கு தடித்துவிட்டது.

தெருக்கோடியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். ஜோதி ஏற்றிக் கும்பிடுகிறவர், முட்டைகூடத் தொடாதவர். கட்டிலில் சாய்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“நான் பொழச்சதே பெருசும்மா” என்றார். “அன்னைக்கு மறுநாள்லேருந்து போச்சு பாரு, தண்ணியா.”

“நீங்களும் மீன் சாப்பிட்டீங்களாங்க?”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “என்ன பேச்சும்மா இது? இவங்கப்பா கூப்பிட்டாரேன்னு வந்தேன். எனக்குன்னு தனியா வாழப்பழம் வச்சிருந்தாங்க. ஒரு பழம், ஒரு டம்ளர் சர்பத். வேற பச்சத் தண்ணி தொடல.”

தெரேஸ் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

அடுத்தது மரைக்காயர் வீடு. அவளுடைய அப்பாவின் சீட்டாட்டக் கூட்டாளி. அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

“நா வர்றப்பவே பந்தி முடிஞ்சு போச்சு. கடைய அடைச்சிட்டு வந்தேன்ல. ஒங்க பப்பா எனக்குன்னு எடுத்து வச்சிருந்தாரு, வஞ்சிரம் நடுத்துண்டு. நல்லாச் சாப்பிட்டேன். ஒங்க பப்பா மவுத்தான சேதி கேட்டப்ப, நானும் அதத்தானே தின்னேன், எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆவலன்னு படுத்துத் தூங்க முடியல.”

“சர்பத் குடிச்சீங்களா பாய்?” என்று தெரேஸ்தான் கேட்டாள்.

“எங்கம்மா? தீந்து போச்சுன்னுட்டியே நீ.”

வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடந்தாள். பிறகு ஒரு மதில் ஓரமாக நின்றுவிட்டாள். “நான்தான் ஊத்தினேன், சரசு. எல்லாருக்கும். பப்பா ரெண்டாவது டம்ளர் கேட்டாரு. சக்கர இருக்கே பப்பான்னேன். இன்னைக்கு ஒரு நாளுன்னாரு. குடுத்தேன்.”

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சர்பத்துக்குத் தண்ணீர் வீட்டில் காய்ச்சி ஆற வைத்தது. பாகு அவளே காய்ச்சியது. மிச்சம் இருப்பது ஐஸ் ஒன்றுதான். ஐஸ் கம்பெனிக்காரர் அந்துவானுக்குப் பள்ளித் தோழர். பிறந்தநாளுக்கு என்று ஒரு முழுப் பாளத்தைச் சாக்கில் சுற்றி வண்டியில் அனுப்பியிருந்தார். அதை உடைத்து அண்டாவில் போட்டிருக்கிறார்கள்.

ஐஸ் கம்பெனிக்கு நடந்தே போனோம். மீனுக்குப் போடும் பாளங்கள் செய்யும் கொட்டகை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மோட்டாரின் குழாய் நேராக வாய்க்காலில் இறங்கியிருந்தது. எருமைகள் கிடந்தன. அதற்கு மேல்பக்கம் வரிசையாக வீடுகள், ஒவ்வொரு வீட்டுக் கக்கூஸிலிருந்தும் ஒரு சாக்கடை வாய்க்காலுக்கு. வண்டியில் ஏற்றப் பாளம் ஒன்றை வெயிலில் வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு புல் உறைந்து நின்றது. எந்த மைக்ராஸ்கோப்பும் தேவைப்படவில்லை. மீனுக்கு வெளியே இந்த ஐஸைக் கொட்டலாம், கழுவிக் கொதிக்க வைத்தால் போய்விடும். மனிதர் வயிற்றுக்குள் கொட்டலாமா?

மறுபடி அந்தப் பெரிய மேஜை. இந்த முறை உட்காரச் சொன்னார். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை என்பதைக் கவனித்தேன். ஐஸ் என்ற வார்த்தை வந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மேடம், அவரு ஊர்ல நாலு நல்ல காரியத்துக்குக் குடுக்கறவரு. அங்க நூறு பேரு பொழைக்கறாங்க. கடல் மேல பழி போட்டா யாருக்கும் நஷ்டமில்ல, பாருங்க.”

“யாருக்கும் நஷ்டமில்லையா?” எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. “அந்தம்மா வராந்தாவுல உக்காந்திருக்குது. ஒரு குப்பமே அடுப்பு மூட்டாமக் கெடக்குது. அவங்கெல்லாம் உங்களுக்கு ஆளுங்க இல்லையா? இன்னைக்கும் அதே ஐஸு கடைக்குப் போய்ட்டு இருக்குதுங்க. நாளைக்கு யாரு வீட்டு சர்பத்து?”

“சத்தம் போடாதீங்க. இது கவர்மெண்ட் ஆபீஸ்.”

கத்தினேன். கவர்மெண்ட் ஆபீஸ் என்பதால்தான் கத்துகிறேன் என்று சொல்லிக் கத்தினேன். வெளியே கூட்டம் கூடியது. இரண்டு பியூன்கள் மரியாதையாக என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

அன்று சாயங்காலம் தெரேஸ் அண்ணனிடம் பேசினாள். நான் அடுக்களையில் இருந்தேன், எல்லாம் கேட்டது.

“கம்ப்ளெயிண்ட வாபஸ் வாங்கு, அண்ணா.”

“ஐஸுக்குச் சொன்னது நான். அப்ப பப்பாவ நான் கொன்னேங்கறியா?”

“ஊத்திக் குடுத்தது நான். நான் கொன்னேன்னு சொல்லலாமா? நமக்குத் தெரியாது அண்ணா. நமக்குத் தெரியாமதான் நடந்துச்சு. ஆனா இப்பத் தெரியுமுல்ல?”

“மீன்தான்” என்றார் அவர். “டாக்டரு சொல்லியாச்சு, ஆபீசரு எழுதியாச்சு. மீன்தான்.” பிறகு வேறு குரலில், “ஐஸ் போட்ட சர்பத் வேணும்னு பப்பாதான் கேட்டாரு. பிரான்ஸ்ல எல்லாம் ஜில்லுனுதானே குடிக்கிறீங்க, இங்கயும் ஒரு நாளைக்குக் குடுடான்னு” என்றார். அழுகிற சத்தம் கேட்டது.

அவருக்காக எனக்கு இரக்கம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரக்கம் நீடிக்கவில்லை. அவர் அழுது முடித்து முகம் கழுவித் தூங்கப் போகலாம். அஞ்சலை காலையில் வராந்தாவுக்குப் போக வேண்டும்.

மறுநாள் தெரேஸ் கறுப்புச் சேலை உடுத்திக் கிளம்பினாள். அண்ணனைக் கூப்பிடவில்லை. வழியில் மரைக்காயர் சேர்ந்துகொண்டார். வாத்தியாரை ரிக்‌ஷாவில் ஏற்றினோம். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் களைத்த மனிதர். “கம்ப்ளெயிண்ட் குடுத்தது உங்க அண்ணன். குடும்பத்துல பேசி முடிச்சிட்டு வாங்களேம்மா” என்றார்.

“நானும் அந்தக் குடும்பம்தாங்க” என்றாள் தெரேஸ். “மீன் சாப்பிட்ட இவருக்கு ஒண்ணும் ஆவல. சாப்பிடாத அவருக்கு ஆச்சு. சர்பத்த ஊத்திக் குடுத்தது இந்தக் கை. அதுல என்ன ஐஸ் போட்டோம், எங்கேருந்து வந்துச்சு, எல்லாம் சொல்றேன். எழுதிக்குங்க. எழுதாம நான் போமாட்டேன்.”

இன்ஸ்பெக்டர் மறுபடி ஆபீசர் ரிப்போர்ட் என்று ஆரம்பித்தார். அதற்குள் வாத்தியார் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்துவிட்டார்.

“சார், நான் மீன் வாடை அடிச்சா அந்தத் தெருவுலயே நடக்காதவன். சாகக் கெடந்தேன். என்ன எந்த மீன் சார் கடிச்சுது? அந்த ஆபீசரக் கேட்டுச் சொல்லுங்க!”

வராந்தாவிலிருந்து அஞ்சலை சிரித்தாள். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவரால் பழையபடி முகத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை. எழுதிக்கொண்டார். கூடையையும் தராசையும் கொண்டுவரச் சொன்னார்.

தெரேஸ் அஞ்சலையிடம் போனாள். “அஞ்சல, எங்களால உனக்கு...”

“ஒங்க அப்பா செத்ததுக்கு நானும்தான் அழுதேன்” என்றாள் அஞ்சலை. “எத்தன வருஷமா எங்கிட்டத்தான் மீன் வாங்குனாரு. பேரம் பேச மாட்டாரு. போலீச அனுப்பறதுக்கு முன்னால, அஞ்சல, என்ன மீன் குடுத்தன்னு ஒரு வார்த்த எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமுல்ல? ஒரே ஒரு வார்த்த.”

தெரேஸ் தராசை எடுத்து அவளிடம் நீட்டினாள். அஞ்சலை இன்ஸ்பெக்டரைப் பார்த்துத் திரும்பினாள். “ஐஸ் கம்பெனிக்காரர எப்பங்க வராந்தாவுல ஒக்கார வைப்பீங்க?” அவர் பேனாவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அஞ்சலை கூடையைத் தட்டிப் பார்த்தாள். மூங்கில் ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, இறங்கி நடந்தாள்.

அன்று மதியம் குப்பத்துப் பெண்கள் கூடிப் பேசி, இனி அந்தக் கம்பெனியின் ஐஸை எங்கள் மீன் மேல் போட மாட்டோம், நாகப்பட்டினத்திலிருந்து வரவழைப்போம் என்று முடிவு செய்ததாகக் கேள்விப்பட்டேன். அரசாங்கம் செய்யாததை அவர்கள் செய்தார்கள். அரசாங்கம் வேறொன்று செய்தது. நான் கிளம்பும் நாளில் கடல் தெளிந்துவிட்டது. பாசி தீர்ந்தது, காற்றும் மாறியது, சால்ப்கள் போய்விட்டன. ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று தெருத் தெருவாக வந்தது. சுகாதார நடவடிக்கைகளின் பயனாகக் கடல் சுத்தப்படுத்தப்பட்டுவிட்டது, பொதுமக்கள் அச்சமின்றி மீன் வாங்கலாம் என்று அறிவித்தது. கரையில் பிளீச்சிங் பவுடர் தூவினார்களாம். வங்காள விரிகுடாவுக்கு! ஐஸ் கம்பெனியைத் தாண்டும்போதும் அந்தக் கார் அதையே சொல்லிக்கொண்டு போனது. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

தெரேஸ் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். அந்துவான் அன்று காலை சொல்லாமல் சென்னைக்குக் கிளம்பிவிட்டார் என்றாள். நாளையிலிருந்து தினமும் அந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்கப் போகிறாளாம், குழாயை வாய்க்காலிலிருந்து எடுக்கும்வரை. “கத்துவியா?” என்றேன். “கத்திப் பழகலடி. பழகிக்கறேன்” என்றாள்.

எல்லையில் பஸ்ஸை நிறுத்தி மதுவிலக்குப் போலீஸ் ஏறியது. என் பையில் கல்லூரிக்காகப் பதப்படுத்திய சால்ப்கள், இரண்டு பாட்டில் நிறைய. போலீஸ்காரர் ஒன்றைத் திறந்து முகர்ந்து, ஃபார்மலின் நெடியில் கண் கலங்கி, “என்னம்மா சரக்கு இது?” என்று இருமினார். பஸ்ஸே சிரித்தது. விளக்கம் சொல்லி அனுப்பியதும் பக்கத்து சீட்டுக்காரர் பாட்டிலை எட்டிப் பார்த்தார்.

“இதானா அந்த வெஷப் புழு? மாயவரம் வரைக்கும் தெரியுமே. அத வித்து ஒரு மீன்காரி, பாவம், பெரியவர் ஒருத்தரக் கொன்னுட்டாளாம்ல.”

விருந்திலிருந்து ஆரம்பித்து வாய்க்கால் குழாய்வரை முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “அப்படிங்களா? எதுக்கும் நாம ஜாக்கிரதையா இருந்துக்கறது நல்லதுங்க. மீன வாங்காம இருந்தா நமக்கென்ன நஷ்டம்?” என்றார்.

அவரைத் தள்ளி உட்காரச் சொன்னேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்த ஸ்டாப்பில் அவர் இறங்க, வேறொருவர் வந்து உட்கார்ந்தார். பாட்டிலைப் பார்த்தார். “என்னங்க அது?” என்றார். தொண்டை கட்டியிருந்தது. இருந்தாலும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.